போருக்கு எதிரான ராக் பாடல்கள்: இத்தனை வருடம் கழித்தும் ஏன் உலுக்குகின்றன?

பழைய_ஒலிநாடா

ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற கேள்வி, இங்கே போட்டுவிடுகிறேன். பிளாக் சப்பாத் என்கிற ராக் குழுவின் 'வார் பிக்ஸ்' வந்தது 1970-இல். வியட்நாம் போர் முடிந்தே அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அந்தப் பாட்டை எழுதியவர்களுக்கும் எனக்கும் மொழி, வயது, நாடு எதிலும் ஒட்டுறவு கிடையாது. ஆனாலும் தொடக்கத்தில் அந்த விமானத் தாக்குதல் சைரன் ஏறி இறங்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. எத்தனையோ நல்ல பாட்டுகள் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போயின. இது சலிக்கவில்லை. ஏன்?

என் பதிலையும் சொல்லிவிடுகிறேன், மறுப்பதற்கு வசதியாக இருக்கும். 'போர் கெட்டது' என்று சொன்ன பாட்டுகள் ஆயிரம் வந்தன, போயின. அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நின்றவை எவை என்று பார்த்தால், போருக்கு அனுப்புகிறவன் ஒருவன், போய்ச் சாகிறவன் வேறொருவன் என்பதை முகத்துக்கு நேரே சொன்னவை. பாடியவர்கள் போகிறவன் பக்கத்தில் நின்றுகொண்டு, அனுப்புகிறவனைப் பார்த்துப் பாடினார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் அது ஆறவில்லை.

வார் பிக்ஸையே எடுத்துக்கொள்வோம். குழுவின் நான்கு பேரும் இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1948, 49-இல் பிறந்தவர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் குண்டுகள் சரமாரியாக விழுந்த தொழில்நகரம் அது. இடிபாடுகள் முழுதாக அகற்றப்படாத தெருக்களில் வளர்ந்த தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். வரிகளை எழுதிய பேஸ் கிட்டார்க்காரர் கீஸர் பட்லர், தளபதிகளைச் சூனியக்காரிகளோடு ஒரே வரிசையில் நிறுத்துகிறார். சண்டையை மூட்டிவிட்டுத் தாங்கள் ஒளிந்துகொண்டு, ஏழைகளை முன்னே தள்ளுகிறார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. கடைசியில் தீர்ப்பு நாளில் அவர்களையே மண்டியிட வைக்கிறார். ஆல்பத்துக்கும் இந்தப் பேரைத்தான் வைக்க இருந்தார்கள். கம்பெனி அதை 'பாரனாய்ட்' என்று மாற்றியது. அட்டையில் வாளும் கேடயமுமாக ஓர் ஆள் நிற்கிறாரே, அது பழைய பேருக்காக எடுத்த படம்.

2025 ஜூலை 5 அன்று அதே பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் நடந்த கடைசிக் கச்சேரியில் அவர்கள் முதலில் எடுத்தது இந்தப் பாட்டைத்தான். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் உட்கார்ந்தபடி பாடினார். பதினேழாம் நாள் இறந்துபோனார்.

உங்களுக்கு எந்தப் பாட்டு, ஏன் என்று சொல்லுங்கள்.

தாளக்காரன்

// அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் அது ஆறவில்லை. //

கோபம் சரிதான். ஆனால் வரி ஒன்றும் புரியாதவர்களுக்கும் மயிர்க்கூச்செறிகிறதே, அதற்கு என்ன சொல்வீர்கள்? நான் டிரம்ஸ் வாசிப்பவன். என் கணக்கில் முதல் வேலையைச் செய்வது ஓசை. வரி பின்னால்தான் வருகிறது.

வார் பிக்ஸில் சைரன் ஓய்ந்ததும் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். கிட்டாரும் பேஸும் சேர்ந்து இரண்டு அடி, அவ்வளவுதான், விலகிவிடும். டிரம்மர் பில் வார்டின் ஹை-ஹாட் தாளத் தட்டு மட்டும் விடாமல் போய்க்கொண்டிருக்கும். அந்த வெட்டவெளியில் குரல் தனியாக நின்று குற்றப்பத்திரிகை வாசிக்கும். அப்புறம் மறுபடி இரண்டு அடி. ஹெவி மெட்டல் என்றால் இடைவிடாத இரைச்சல் என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு சொல்லும் காதில் விழ வேண்டும் என்றுதான் அவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள்.

சரி, இப்போது வரியே தேவைப்படாத ஒன்று. கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 'மெஷின் கன்', 1970 ஜனவரி 1 அன்று நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவானது. பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். டிரம்மர் பட்டி மைல்ஸ் ஸ்நேர் டிரம்மில் கொத்துக் கொத்தாக வெடிப்பார், ஹென்ட்ரிக்ஸ் அதே கொத்தைக் கிட்டாரில் திருப்பிச் சுடுவார். பாட்டு நடுவில் தனி வாசிப்பு தொடங்கும்போது ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவார். விழுகிற விமானமா, மனிதன் அலறுகிறானா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கையால் கம்பியை வளைத்து, ஒலிபெருக்கியிலிருந்து திரும்பி வரும் இரைச்சலைப் பிடித்துவைத்து, கால்மிதிகளால் திரித்து உண்டாக்கிய ஓசை அது. எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடத்தில் மூச்சு நிற்கிறது.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: ஹென்ட்ரிக்ஸ் 1961-62-இல் அமெரிக்க ராணுவத்தின் 101-ஆவது வான்வழிப் பிரிவில் பாராசூட் வீரராக இருந்தவர். அன்று பேஸ் வாசித்த பில்லி காக்ஸை அவர் முதன்முதலில் சந்தித்ததே ஃபோர்ட் கேம்ப்பெல் முகாமில்தான். ஆக, மேடையில் நின்ற மூவரில் இருவர் பழைய சிப்பாய்கள். சிகாகோ, மில்வாக்கி, நியூயார்க் என்று உள்நாட்டில் போராடுகிறவர்களைச் சொல்லி, வியட்நாமில் இருக்கும் சிப்பாய்களையும் சேர்த்து, அவர்களுக்கு என்றுதான் பாட்டைத் தொடங்கினார்.

கேள்விமேல்கேள்வி

உணர்ச்சியைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். இந்தப் பாட்டுகள் எந்தப் போரை நிறுத்தின?

1969 நவம்பர் 15. வியட்நாம் போரை எதிர்த்து வாஷிங்டனில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் மேடையேறி ஜான் லெனனின் 'கிவ் பீஸ் எ சான்ஸ்' பல்லவியைப் பாட, கூட்டம் முழுக்க அதைத் திரும்பத் திரும்பப் பாடியது. அடுத்த ஏப்ரலில் அதிபர் நிக்சன் போரைக் கம்போடியாவுக்குள் கொண்டுபோனார். சைகோன் விழுந்து போர் முடிந்தது 1975 ஏப்ரல் 30-இல்தான். 2003 பிப்ரவரி 15 அன்று ஈராக் போர் வேண்டாம் என்று உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான நகரங்களில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். சிஸ்டம் ஆஃப் எ டவுன் குழு அந்த ஊர்வலங்களைப் படம் பிடித்து 'பூம்!' பாட்டுக்கு வீடியோவாகவே போட்டது. மார்ச் 20-இல் ஈராக்கில் குண்டு விழத் தொடங்கிவிட்டது.

எனக்கு இந்தப் பாட்டுகள் பிடிக்காமல் இல்லை. ஆனால் ஒரு பயம் உண்டு. பாடி முடித்ததும் ஏதோ செய்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது. வீட்டுக்குப் போய்விடுகிறோம். அந்தத் திருப்தி, அனுப்புகிறவனுக்குத்தான் லாபம்.

அலைவரிசை

கேள்விமேல்கேள்வி, லாபம் என்றால் ஏன் தடுத்தார்கள்?

1970 மே 4, ஒஹாயோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகம். கம்போடியப் படையெடுப்பை எதிர்த்து மாணவர்கள் கூடியிருந்தார்கள். தேசியக் காவல் படை 13 விநாடிகளில் 67 தடவை சுட்டது. நான்கு பேர் இறந்தார்கள், ஒன்பது பேருக்குக் காயம். இறந்தவர்களில் இருவர் போராட்டத்திலேயே இல்லை, வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். லைஃப் இதழில் வந்த படங்களை, கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் அண்ட் யங் குழுவின் டேவிட் கிராஸ்பி எடுத்துக் காட்ட, அதே குழுவின் நீல் யங் உட்கார்ந்து 'ஒஹாயோ'வை எழுதினார். மே 21-இல் லாஸ் ஏஞ்சலஸில் பதிவு, ஜூனில் கடைக்கு வந்துவிட்டது. அப்போது அதே குழுவின் 'டீச் யுவர் சில்ரன்' தரவரிசையில் நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. இதை வெளியிட்டால் அது அடிபடும் என்று தெரிந்தேதான் வெளியிட்டார்கள்.

பாட்டில் நிக்சனின் பேர் வெளிப்படையாக வருகிறது. அதனாலேயே பல ஏ.எம். வானொலிகள் ஒலிபரப்ப மறுத்தன. எஃப்.எம். நிலையங்கள்தான் அதைக் காப்பாற்றின. முடிவில் கிராஸ்பி கத்துவதைக் கேளுங்கள். 'ஏன்? இன்னும் எத்தனை பேர்?' என்கிற அர்த்தத்தில் குரல் உடைந்து வருகிறது. பயிற்சி செய்து வைத்துக் கத்தியது போல ஒரு இடத்திலும் தெரியாது.

2001 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்காவின் பெரிய வானொலி நிறுவனம் ஒன்று, இப்போது போட வேண்டாம் என்று 150-க்கும் மேற்பட்ட பாட்டுகளின் பட்டியலைத் தன் நிலையங்களுக்கு அனுப்பியது. அதில் லெனனின் 'இமேஜின்' இருந்தது. எட்வின் ஸ்டார் பாடிய 'வார்' இருந்தது. வெறும் ஆறுதல் தருகிற பாட்டுக்கு யாரும் பட்டியல் போட மாட்டார்கள்.

போர் நிற்கவில்லை என்பது உண்மை. ஆனால் கென்ட் பல்கலைக்கழகத்தில் அன்று மாணவராக இருந்த ஜெரால்ட் கஸாலேவை அந்த நாள் புரட்டிப் போட்டது, பிற்பாடு டிவோ ராக் குழுவை உருவாக்கினார். ப்ரிட்டெண்டர்ஸ் ராக் குழுவின் பாடகி கிரிஸ்ஸி ஹைண்டும் அப்போது அங்கே மாணவிதான். ஒரு தலைமுறையின் காது எப்படி மாறியது என்று பார்க்காமல் கணக்கை முடிக்காதீர்கள்.

முன்னாள்_சிப்பாய்

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் போக முடியவில்லை. நான் ராணுவத்தில் இருந்து வந்தவன். எங்கே, எப்போது என்பது வேண்டாம்.

போருக்கு எதிரான பாட்டு என்றால் சிப்பாய்க்கு எதிரான பாட்டு என்று வெளியில் நினைக்கிறார்கள். உள்ளே அப்படி இல்லை. பாரக்ஸில் இந்தப் பாட்டுகளைக் கேட்காதவர்களைத் தேடத்தான் வேண்டும். மெட்டாலிக்காவின் 'ஒன்' எங்கள் பிரிவில் எல்லோருக்கும் மனப்பாடம்.

அந்தப் பாட்டு 1988-இல் வந்தது. கண்ணிவெடியில் கை, கால், கண், காது, பேச்சு எல்லாம் போய், நினைவு மட்டும் விழித்திருக்கிற ஒரு சிப்பாய். டால்டன் ட்ரம்போவின், 1939-இல் வெளிவந்த நாவலில் இருந்து எடுத்த கரு. முதல் பாதி மெதுவாக, கிட்டாரை வருடுகிற மாதிரிப் போகும். பிறகு இரட்டை பேஸ் டிரம் இயந்திரத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொள்ளும்.

என்னோடு இருந்த ஒருவனுக்குக் கால் போயிற்று. மருத்துவமனையில் பார்க்கப் போனபோது அவன் கேட்டது இந்தப் பாட்டைத்தான். அங்கிருந்த நர்ஸ் நல்ல மனசோடு, 'அமைதியா ஏதாவது போடலாமே' என்றார். அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: 'அமைதியான பாட்டு போட்டா எல்லாரும் என்னைப் பார்த்து அழறாங்க. இதைப் போட்டா நானே கத்துற மாதிரி இருக்கு.'

கேள்விமேல்கேள்வி கேட்கிற கேள்வி எனக்குப் புரிகிறது. ஆனால் பாட்டால் என்ன பயன் என்று கேட்கும்போது, போரிலிருந்து திரும்பி வந்தவனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நினைவுச்சின்னத்தின் முன்னால் வாசிக்கிற சோக இசை பார்க்க வந்தவர்களுக்கு. இந்த இரைச்சல் எங்களுக்கு.

பழைய_ஒலிநாடா

சிப்பாய் அண்ணா, நன்றி. நான் சொல்ல வந்ததை நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று. வியட்நாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கள் பாட்டாக ஆக்கிக்கொண்டது தி அனிமல்ஸின் 'வீ காட்டா கெட் அவுட் ஆஃப் திஸ் பிளேஸ்'. 1965-இல் வந்தது. பேரி மானும் சிந்தியா வீலும் எழுதியபோது போர் அதில் இல்லவே இல்லை. வேலை வேலை என்று உயிரை விடுகிற அழுக்கான ஊரைவிட்டுக் கிளம்ப நினைக்கிற காதலர்களின் பாட்டு. 'இங்கிருந்து போய்விட வேண்டும்' என்கிற பல்லவி ஒன்று போதுமாக இருந்தது. காட்டுக்குள் சிக்கியவர்கள் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள்.

'ஃபார்ச்சுனேட் சன்' பாட்டும் உள்ளிருந்து வந்ததுதான். கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவலின் ஜான் ஃபோகர்ட்டி ராணுவ ரிசர்வில் இருந்தவர். டிரம்மர் டக் கிளிஃபோர்ட் கடலோரக் காவல் ரிசர்வில். 1968 டிசம்பரில் முன்னாள் அதிபர் ஐசன்ஹோவரின் பேரனுக்கும் நிக்சனின் மகளுக்கும் திருமணம். இந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகளுக்குப் போர் என்றால் என்னவென்றே தெரியாது என்ற எரிச்சல்தான் அந்தப் பாட்டு. இரண்டரை நிமிடம்கூட ஓடாது. வியட்நாம் என்ற சொல் ஒரு இடத்திலும் வராது. பாடுகிறவன் தான் செனட்டரின் மகன் இல்லை, கோடீஸ்வரனின் மகன் இல்லை என்று ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டே போகிறான். தான் யார் என்று கடைசி வரை சொல்வதில்லை. அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம்.

பாட்டு வந்த அந்த 1969 இலையுதிர்காலம் முடிந்த கையோடு, டிசம்பர் 1-இல் கட்டாய ராணுவச் சேவைக்கான குலுக்கல் நடந்தது. ஆண்டின் 366 பிறந்த தேதிகளையும் நீல நிற பிளாஸ்டிக் குப்பிகளில் அடைத்து, ஒரு கண்ணாடி ஜாடியில் கொட்டி, ஒவ்வொன்றாகக் கையால் எடுத்தார்கள். தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டினார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. அன்றைக்குப் பிறந்திருந்தால் முதல் வரிசையில் போக வேண்டும். வாக்களிக்கும் வயது அப்போது 21, போருக்கு அனுப்பும் வயது 18. கல்லூரியில் இடமும், தெரிந்த டாக்டரும், செல்வாக்குள்ள அப்பாவும் இருந்தவர்களுக்குத் தப்பிக்க வழிகள் இருந்தன. அந்த ஜாடியை மனதில் வைத்துக்கொண்டு ஃபோகர்ட்டியின் குரலைக் கேளுங்கள். அவர் ஏன் தொண்டை கிழியப் பாடுகிறார் என்பது தெரியும்.

நிலாமுற்றம்

இதுவரை பேசியதெல்லாம் போகிற ஆண்களைப் பற்றி. வீட்டில் இருப்பவர்களின் பாட்டு ஒன்றுகூட வரவில்லையே?

அயர்லாந்தின் கிரான்பெரீஸ் குழுவின் 'ஜாம்பி' எனக்கு. 1993 மார்ச் 20 அன்று இங்கிலாந்தின் வாரிங்டனில், கடைத்தெருக் குப்பைத்தொட்டிகளில் வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டுகள் வெடித்தன. இறந்தவர்கள் இரண்டு சிறுவர்கள். ஒருவனுக்கு வயது 3, இன்னொருவனுக்கு 12. குழுவின் பாடகி டோலரஸ் ஓ'ரியோர்டன் அயர்லாந்தின் லிமரிக் பகுதிக்காரர். அப்போது வயது 21. தன் மண்ணின் பேரைச் சொல்லிச் செய்த கொலை என்பதால், அதை மறுக்கிற பாட்டை அவரே எழுதினார். 'இது என் பேரில் நடக்கவில்லை, என் குடும்பத்தின் பேரில் நடக்கவில்லை' என்பதுதான் அதன் உயிர்.

அவர் குரல் பல்லவியில் உடைகிற விதம் இருக்கிறதே, ஒரு சொல்லின் நடுவில் தொண்டை மேலே தாவி விழும். அது இழவு வீட்டு அழுகை. அழகாகப் பாட வேண்டும் என்ற நினைப்பே அதில் இல்லை. பின்னால் கிட்டார் சுவர் மாதிரி நிற்கிறது. குழந்தையைப் பெற்றவளாக அந்தப் பாட்டைக் கேட்பதும், அதற்கு முன் கேட்டதும் எனக்கு ஒன்றாக இல்லை.

கேட் புஷ்ஷின் 'ஆர்மி ட்ரீமர்ஸ்' கேட்டிருக்கிறீர்களா? 1980. தாலாட்டு மாதிரி மூன்று தட்டுத் தாளம், அதற்கு நடுவே துப்பாக்கியின் குதிரையை இழுக்கிற சத்தம். மகன் பிணமாகத் திரும்பி வந்திருக்கிறான். அவன் இசைக் கலைஞனாக ஆகியிருக்கலாம், அரசியல்வாதி ஆகியிருக்கலாம், அப்பாவாக ஆகியிருக்கலாம் என்று அம்மா ஒவ்வொன்றாக எண்ணுகிறாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடை: கிட்டார் வாங்கக் காசு இல்லை, படிப்பு இல்லை, அப்பாவாகும் வயதுவரை அவன் உயிரோடு இல்லை. பழைய_ஒலிநாடா சொன்ன 'அனுப்புகிறவன்' இதில் எங்கே என்று தேடினால் கிடைக்க மாட்டான். வறுமைதான் அனுப்புகிறது. கோபமே இல்லாமல், மெல்லிய குரலில் பாடியும் அது நிற்கிறது. ஆகவே கோபம்தான் காரணம் என்பதை நான் முழுதாக ஏற்கவில்லை.

தாளக்காரன்

நிலாமுற்றம் சொல்வது சரி. குரல் உடைவது என்றதும் 'கிம்மி ஷெல்டர்' நினைவுக்கு வருகிறது. 1969-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் லாஸ் ஏஞ்சலஸில் பாட்டை முடித்துக்கொண்டிருந்தபோது நள்ளிரவில் பாடகி மெர்ரி கிளேட்டனை அழைத்தார்கள். கர்ப்பிணி, தலையில் சுருட்டைக் கிளிப்புகளோடு வந்தார். மூன்றாவது நிமிடம் நெருங்கும்போது, உச்சத்தில் அவர் குரல் பிளக்கிறது. ஒரு முறை இல்லை, அடுத்தடுத்து. ஸ்டூடியோவுக்குள் இருந்தவர் தன்னை மறந்து கத்துவதுகூடப் பின்னணியில் லேசாகக் கேட்கும். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பிசிறைத் தவறு என்று மறுபடி பாடவைத்திருப்பார்கள். பிசிறு இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை.

கேள்விமேல்கேள்வி

முன்னாள்_சிப்பாய் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அவர் நண்பருக்கு என் வணக்கம்.

ஆனால் என் கேள்வியின் இன்னொரு முகம் இருக்கிறது. பாட்டு வலுவாக இருந்தால், அந்த வலுவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஃபார்ச்சுனேட் சன் ஒரு ஜீன்ஸ் விளம்பரத்தில் வந்தது. கொடியைப் பற்றிய முதல் இரண்டு வரியை மட்டும் வெட்டி எடுத்து, அதற்குப் பின்னால் வருகிற குத்தலை விட்டுவிட்டார்கள். கேட்டவர்களுக்கு அது தேசபக்திப் பாட்டு. 2020-இல் டிரம்பின் தேர்தல் கூட்டங்களிலேயே அது ஒலித்தது. நிறுத்தச் சொல்லி ஃபோகர்ட்டி சட்டப்படி அறிவிப்பு அனுப்ப வேண்டி வந்தது. ஜாம்பியை 2023 உலகக் கோப்பையில் அயர்லாந்து ரக்பி ரசிகர்கள் வெற்றிப் பாட்டாகப் பாடினார்கள். வாரிங்டன் குழந்தைகள் எங்கே போனார்கள்?

அலைவரிசை

எங்கேயும் போகவில்லை. ரசிகர்கள் பாடியதும் அதன் அர்த்தம் என்ன, அங்கே பாடலாமா கூடாதா என்று அயர்லாந்தில் பெரிய விவாதமே நடந்தது. அந்தப் பாட்டு வட அயர்லாந்தில் இருப்பவர்களின் வலியைப் பார்க்கவில்லை என்றவர்கள் ஒரு பக்கம், இல்லை, குழந்தைகளுக்காகத்தான் எழுதப்பட்டது என்றவர்கள் இன்னொரு பக்கம். முப்பது வருடம் கழித்து வாரிங்டனைப் பற்றி நாளிதழ்களில் பேச வைத்தது அந்தப் பாட்டு.

ஐரிஷ் குழுவான யூ2-வின் 'சண்டே ப்ளடி சண்டே' இதைவிடக் கத்திமேல் நடந்த பாட்டு. 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் ஊர்வலம் போனவர்களைப் பிரிட்டிஷ் படை சுட்டதில் 13 பேர் அங்கேயே இறந்தார்கள், பிறகு இன்னொருவர். அதைப் பற்றிப் பாடினால் உடனே ஒரு தரப்பின் போர்ப்பாட்டாகிவிடும். அதனால்தான் 'இது கலகப் பாட்டு இல்லை' என்று மேடைக்கு மேடை சொல்லிவிட்டுப் பாடினார் பாடகர் போனோ. 1987 நவம்பர் 8-இல் வட அயர்லாந்தின் என்னிஸ்கில்லனில், போரில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தக் கூடியவர்கள் மீது ஐ.ஆர்.ஏ. குண்டு வைத்தது. அன்று இரவே டென்வரில் யூ2 கச்சேரி. பாட்டின் நடுவில் நிறுத்தி, அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு புரட்சி என்று பெருமை பேசுகிறவர்களைக் கிழித்தெடுத்தார். 'ராட்டில் அண்ட் ஹம்' படத்தில் அது இருக்கிறது. டிரம்மர் லாரி மல்லனின் ஸ்நேர் அடி ராணுவ அணிவகுப்பு மாதிரிதான் நடக்கிறது. அதே அணிவகுப்பின் மேல் அதற்கு எதிரான வரிகள்.

வடக்குவாசல்

ஆங்கிலப் பாட்டுகளிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறோம். ரஷ்ய ராக்கையும் பார்க்க வேண்டும்.

கினோ குழுவின் விக்தர் த்சோய் பாடிய 'க்ரூப்பா க்ரோவி' 1988-இல் ஆல்பமாக வந்தது. சோவியத் படை அப்போது ஆப்கானிஸ்தானில் இருந்தது. சிப்பாயின் சட்டைக் கையில் அவன் ரத்த வகையும் எண்ணும் எழுதியிருக்கும். அதுதான் பாட்டின் பல்லவி. என்ன விலை கொடுத்தும் வெற்றி வேண்டும் என்கிற ஆசை தனக்கு இல்லை என்கிறான் பாடுகிறவன். யாரையும் குற்றம் சாட்டவில்லை, குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. த்சோய் 1990-இல் 28 வயதில் கார் விபத்தில் இறந்தார். இளைஞர்கள் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொருவர் டி.டி.டி. குழுவின் யூரி ஷெவ்சுக். ஆப்கான் போர் தொடங்கிய காலத்தில் 'சுடாதே' என்ற பொருளில் 'நெ ஸ்த்ரெலாய்' எழுதியவர். 2022 மே மாதம் ஊஃபா நகரில் கச்சேரி மேடையிலேயே உக்ரைன் போரை எதிர்த்துப் பேசினார். ஆகஸ்டில் நீதிமன்றம் 50,000 ரூபிள் அபராதம் போட்டது.

கேள்விமேல்கேள்வி, பாடி முடித்துத் திருப்தியோடு வீட்டுக்குப் போவதாகச் சொன்னீர்கள். ஷெவ்சுக் நாற்பது வருடம் கழித்தும் தான் இளமையில் பாடிய பாட்டுக்குக் கட்டுப்பட்டு நின்றார். 'சுடாதே' என்று பாடியவரால் அந்த மேடையில் சும்மா நிற்க முடியாது.

முன்னாள்_சிப்பாய்

வடக்குவாசல் சொன்னதைப் படித்ததும் ஆஸ்திரேலியப் பாட்டு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ரெட்கம் குழுவின் 'ஐ வாஸ் ஒன்லி நைன்டீன்', 1983. ஜான் ஷூமன் எழுதியது. அவர் மனைவியின் சகோதரர் வியட்நாம் போய் வந்தவர், அவர் சொன்ன கதைகளைக் கேட்டு எழுதினார். பயிற்சி முகாமின் பேர், அணிவகுப்பு, வழியனுப்ப வந்த குடும்பம் என்று எல்லாம் வரிசையாக வரும். பிறகு திரும்பி வந்தவனுக்கு ஏன் தூக்கம் வரவில்லை, தோலில் வந்து வந்து போகிற இந்தத் தடிப்பு என்ன என்று டாக்டரைக் கேட்பான். வியட்நாமில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு ரசாயனம் பற்றி அரசாங்கங்கள் மழுப்பிக்கொண்டிருந்த காலம். ஆஸ்திரேலியாவில் பாட்டு முதலிடத்துக்குப் போனது. வருமானத்தை முன்னாள் வீரர்கள் சங்கத்துக்குக் கொடுத்தார்கள்.

கோபமா, துக்கமா என்று மேலே பேசுகிறீர்கள். இந்தப் பாட்டில் இருப்பது கேள்வி. 'எனக்கு என்ன ஆயிற்று, யாராவது சொல்லுங்கள்' என்று ஒருவன் கேட்கிறான். அந்தக் கேள்வியை நானும் டாக்டரிடம் கேட்டிருக்கிறேன், ஏறக்குறைய அதே சொற்களில்.

கேள்விமேல்கேள்வி

அண்ணா, இதற்கு மேல் பயன் என்ன என்று நான் கேட்கப் போவதில்லை. போர் நின்றதா என்கிற கேள்வியை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் பழைய_ஒலிநாடாவுக்கு ஒன்று. போகிறவன் பக்கம் நிற்பதுதான் பலம் என்றீர்கள். அதையே திருப்பினால் ஆபத்தும் அதுதானே? சிப்பாயின் குரலில் பாடினால், கேட்கிறவன் சிப்பாயின் வீரத்தை மட்டும் எடுத்துக்கொள்வான். 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' அப்படித்தானே ஆயிற்று? 1984 செப்டம்பரில் அதிபர் ரீகன் நியூஜெர்சியில் தேர்தல் கூட்டத்தில், அதைப் பாடிய ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் பாட்டுகளில் நம்பிக்கை இருக்கிறது என்று புகழ்ந்தார். மைதானம் முழுக்கக் கொடியை ஆட்டிக்கொண்டு பாடினார்கள்.

பழைய_ஒலிநாடா

நல்ல கேள்வி, இதைத் தட்டிக்கழிக்க முடியாது.

முதலில் அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1981 ஆகஸ்டில் ஸ்பிரிங்ஸ்டீன் லாஸ் ஏஞ்சலஸில் வியட்நாம் வீரர்கள் அமைப்புக்கு நிதி திரட்ட ஒரு கச்சேரி நடத்தினார். காசில்லாமல் மூடும் நிலையில் இருந்த அமைப்பு அது. சக்கர நாற்காலிகளில் வந்தவர்கள் மேடையோரம் அமர்ந்து கேட்டார்கள். அதற்குப் பிறகு வந்த பாட்டு. வேலை கிடைக்காமல் அலைகிறவன், வியட்நாமின் கே சான்னில் இறந்த அண்ணன், போக்கிடம் இல்லாத முடிவு என்று சரணம் முழுக்க இருட்டுதான். பல்லவி மட்டும் முஷ்டியை உயர்த்துகிறது. டிரம்மர் மேக்ஸ் வைன்பெர்கின் ஸ்நேர் பீரங்கி மாதிரி விழுகிறது, மேலே சிந்தசைசர் எக்காளம். அவ்வளவு பெரிய ஓசைக்குள் சரணம் அமுங்கிவிட்டது. தாளக்காரன் முதலில் சொன்னாரே, ஓசைதான் முதல் வேலையைச் செய்கிறது என்று. இங்கே அதே ஓசை பாட்டுக்கு எதிராகத் திரும்பியது.

ஆனால் 1982-இல் அவர் வீட்டில் தனியாகக் கிட்டாரோடு பதிவு செய்த முதல் வடிவம் இருக்கிறது, 1998-இல் 'ட்ராக்ஸ்' தொகுப்பில் வெளிவந்தது. அதில் டிரம்ஸ் கிடையாது, எக்காளம் கிடையாது. வரிகள் கிட்டத்தட்ட அதேதான். யாராலும் அதற்குக் கொடி ஆட்ட முடியாது. 1995-இலிருந்து தனியாக மேடையேறிய சுற்றுப்பயணத்தில், பல்லவியை அடக்கி, கம்பிகளின் மேல் ஸ்லைடை இழுத்து, முனகல் மாதிரி அந்தப் பாட்டைப் பாடினார். ஆர்ப்பரிக்க வந்த ரசிகர்களுக்கும் சரணம் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.

ஆக, நீங்கள் சொல்லும் ஆபத்து நிஜம். தன் பாட்டைக் காப்பாற்ற அதன் ஓசையையே கழற்றிவைக்க வேண்டியிருந்தது அவருக்கு. தாளக்காரனும் நீங்களும் அந்த 1982 பதிவைக் கேட்டுவிட்டு வாருங்கள். டிரம்ஸ் இல்லாத அந்த வடிவம் உலுக்குகிறதா இல்லையா என்பதை தாளக்காரன் வாயால் கேட்க எனக்கு ஆசை.

தாளக்காரன்

இப்போதுதான் கேட்டேன். உலுக்குகிறது. ஆனால் அதில் தாளம் இல்லை என்று சொல்லாதீர்கள். வலது கை கம்பிகளை ஒரே வேகத்தில், விடாமல் அடித்துக்கொண்டே போகிறது. தப்பி ஓடுகிறவனின் நடை அது. ஸ்டூடியோவில் வைன்பெர்க் அடித்ததைவிட அதில்தான் எனக்குப் பயம் அதிகம். மறுபடி போடப் போகிறேன், இந்த முறை சரணத்துக்காக.